கயிறு மடித்துப் பிரித்த காடு

என் வகுப்பறையை முதல் முறை பார்க்கிறவர்கள் மளிகைக் கடையின் கிடங்குக்குள் நுழைந்துவிட்டதாக நினைப்பார்கள். ஒரு மூலையில் கோழிப் பண்ணைகளில் கேட்டு வாங்கிய காலி முட்டை அட்டைகள் அடுக்கியிருக்கும். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு குழி. பெருக்கலைக் கண்ணால் காட்ட அதைவிட நல்ல சாமான் எந்தக் கடையிலும் கிடையாது. ஜன்னல் திட்டில் புளியங்கொட்டை டப்பா, பின்னம் நடத்துவதற்காக வெட்டி வைத்த பழைய கல்யாணப் பத்திரிகைகள், ஒரு தராசு, சுருட்டி வைத்த சணல் கயிறு. சக ஆசிரியர்கள் அதைக் குப்பைமேடு என்பார்கள். உங்கள் வகுப்பில் பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்து பரீட்சைத் தாளில் கக்கிவிட்டுப் போகிறார்களே, அதற்கு என் குப்பை எவ்வளவோ மேல் என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதனால் பள்ளியில் நண்பர்கள் குறைவு.

பிறந்தது வாழப்பாடிப் பக்கம். வேலை கிடைத்தது மல்லசமுத்திரத்தை ஒட்டிய ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில். வந்த புதிதில் இந்தப் பக்கத்துப் பேச்சு எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. நான் காச்மூச்சென்று கத்தித் தீர்த்த பிறகும் பிள்ளைகள் "சரிங்க டீச்சர்" என்று ஒரு 'ங்க'வைச் சேர்த்து நீட்டுவார்கள். அதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது? பாதித் திட்டை விழுங்கிவிட்டுப் பாடத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

போன வருடம் ஏழாம் வகுப்பில் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். அண்ணன் தம்பி மக்கள். அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் ஊரே சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன். ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகள், ஆறாம் வகுப்பின் நடுவிலிருந்து ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள். யாரும் பிரிக்கவில்லை, தாங்களாகவே பிரிந்தார்கள். வீட்டில் பேச்சுவார்த்தை நின்றால் பிள்ளைகளும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத சட்டம். பெரியவர் மகள் கணக்கில் புலி. சின்னவர் மகள் சுமார்தான், ஆனால் அக்கா பக்கத்தில் இருந்தால் அவளும் போடுவாள். மூலைக்குப் போன பிறகு அவள் கணக்கு நோட்டு வெறிச்சோடிவிட்டது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

சண்டைக்குக் காரணம் பள்ளியின் பின்பக்கச் சுவரை ஒட்டிய காடு. காடு என்றால் மரங்கள் அடர்ந்த காடு இல்லை, இந்தப் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்கு அந்தப் பெயர். ஏறக்குறைய இரண்டு ஏக்கர், குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுவார்கள். முன்பக்கம் தார் ரோடு, பின்பக்கம் ஓர் ஓடை. அப்பா இறந்த பிறகு அண்ணனும் தம்பியும் ஊரார் முன்னிலையில் கயிறு மடித்துப் பாகம் பிரித்தார்கள். ரோட்டோரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கயிற்றைப் போட்டு, அதை இரண்டாக மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு கல். ஓடைக் கரையிலும் அதேபோல் மடித்து இன்னொரு கல். இரண்டு கல்லுக்கும் நடுவே ஒரு வரப்பு. அண்ணன் மடிக்க வேண்டும், தனக்கு எந்தப் பாதி என்று தம்பி முதலில் எடுக்க வேண்டும். இதைவிட நியாயமாக யாரும் பிரித்துவிட முடியாது என்று இந்தப் பக்கத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. பத்திரம் எதுவும் போடவில்லை, பட்டாவும் கூட்டாகவே இருந்தது.

பிறகு சின்னவர் போர்வெல் போடும் ரிக் லாரியோடு வடநாட்டுக்குப் போனார். போனால் வருவதற்கு மாதக் கணக்காகும். காட்டை அவர் மனைவிதான் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு முறை கிழங்கு வெட்டும்போதும் பெரியவர் பக்கத்தைவிடத் தன் பக்கம் பத்து மூட்டைக்கு மேல் குறைவதைக் கவனித்தார். அதே மண், அதே மழை, நட்டதும் அதே குச்சி. அப்படியென்றால் புருஷன் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் கல்லை நகர்த்திவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்து, அதை வாய்விட்டும் சொல்லிவிட்டார். பெரியவர் அதிகம் பேசாத மனிதர். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சின்னவர் மனைவி நிலத்தை அளக்க மனுக் கொடுத்துவிட்டு சர்வேயர் வருவாரென்று காத்திருந்தார். சர்வேயர் வந்தபாடில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

சரிவகத்தின் பரப்பளவு நடத்த வேண்டியிருந்தது. நான்கு பக்க உருவத்தில் இரண்டு பக்கம் மட்டும் இணையாக இருந்தால் அது சரிவகம். எங்கள் விளையாட்டு மைதானமோ நான்கு பக்கமும் நேராக, பெட்டிபோல இருந்தது. கிழங்கு வெட்டி முடித்துக் காடு காலியாகக் கிடந்த நேரம் அது. பெரியவர் மகள்தான் எழுந்து சொன்னாள்.

"எங்க காட்டுல அளக்கலாங்க டீச்சர். ஓட கொஞ்சம் சாஞ்சு போவுது. சரிவகமாத்தான் இருக்கும்னு நெனைக்கறேனுங்க."

"அப்பாவைக் கேட்டியா?"

"கேட்டுட்டேனுங்க. எங்க பக்கத்த அளந்துக்கச் சொல்லிட்டாருங்க."

அந்த மூலையிலிருந்து சின்னவர் மகள் எழுந்தாள். பேசாத பிள்ளை எழுந்ததே எனக்கு ஆச்சரியம்.

"எங்க பக்கத்தையும் அளக்கலாங்க. அம்மாகிட்ட நானும் கேட்டுட்டேனுங்க."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். பிள்ளைகள் பாதிப் பேர் தரையைப் பார்த்துத்தான் பேசுவார்கள், யாரையென்று சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பது?

தலைமையாசிரியர் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். மீதியிருந்த மாதங்களை எந்தச் சத்தமும் இல்லாமல் கழிக்க வேண்டும் என்பது ஒன்றே அவருடைய ஆசை.

"கிரவுண்டையே அளங்களேன் மேடம். எதுக்கு ஊர் வம்பு?"

"கிரவுண்டு செவ்வகம் சார். செவ்வகத்தை நாலாம் வகுப்பிலேயே முடிச்சாச்சு" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார்.

முந்தின நாளே பிள்ளைகள் சணல் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். செங்கோணம் பார்க்க, மூன்று முழம், நான்கு முழம், ஐந்து முழம் என்று முடிச்சிட்ட இன்னொரு கயிறு. அதை முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் ஒரு மூலை செங்கோணமாக நிற்கும். இந்த வித்தையை முதல் முறை செய்துகாட்டியபோது வகுப்பே கை தட்டியது. முளைக்குச்சிகள் காட்டிலேயே கிடந்த கிழங்குக் குச்சிகள். பெரியவர் பாகத்துக்கு அவர் மகள் தலைமையில் ஒரு குழு, மற்ற பாகத்துக்குச் சின்னவர் மகளோடு ஒரு குழு. நடு வரப்பு மட்டும் இருவருக்கும் பொது. அதை அளக்கும்போது கயிற்றின் ஒரு முனையை அவளும் மறுமுனையை இவளும் பிடிக்க வேண்டியிருந்தது.

அதற்காகத்தான் நான் குழுவை அப்படிப் பிரித்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? "இழு." "போதும்." "கொஞ்சம் உடு." அவ்வளவுதான் பேசினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள் என்று வரப்பை இன்னொரு முறை அளக்கச் சொன்னேன்.

ரோட்டில் போன யாரோ வண்டியை நிறுத்தி வீடியோ எடுத்ததை நான் பார்த்தேன். பள்ளியைப் பற்றி நல்லதாகத்தானே போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் அது ஊரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருக்கிறது. பெரியவர் மகள் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து முளைக்குச்சி அடிக்கும் காட்சி. இந்த ஊரில் கயிறும் முளையும் வரப்புமேல் தெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கடைசி அளவை எடுத்து முடித்த நேரத்தில் சின்னவர் மனைவி ஓடிவந்தார். வந்த வேகத்தில் முளைக்குச்சியைப் பிடுங்கி எறிந்தார்.

"ஏனுங்க டீச்சர், யாரக் கேட்டு எங்க கல்லுகிட்ட மொள அடிக்கறீங்க?"

"உங்க பொண்ணு கேட்டுட்டதா..." என்று திரும்பினேன். சின்னவர் மகளின் முகம் வெளுத்திருந்தது. அவள் கேட்கவே இல்லை. அக்காவோடு ஒரு வேளையாவது நிற்க வேண்டும் என்று பொய் சொல்லியிருக்கிறாள்.

"சர்வேயரு வாரதுக்கு முன்னாடி புள்ளைங்கள வெச்சு அடையாளம் போட்டுக்கறாங்களா அவிய? கல்ல நவுத்துனது பத்தாதுன்னு இப்பப் பள்ளிக்கூடத்தையும் கையில போட்டுக்கிட்டாங்களா?"

"இது பாடம்மா. பரப்பளவு நடத்தறோம்" என்றேன். எனக்கும் குரல் உயர்ந்துவிட்டது. "கல்லை யாரும் தொடலை. கண்ணைத் திறந்து பாருங்க."

அப்படிப் பேசியிருக்க வேண்டாம்தான். அவர் பெருங்குரலில் அழத் தொடங்கினார், கூட்டம் சேர்ந்தது. பெரியவர் பைக்கில் வந்து இறங்கியபோது "கல்லுத் திருடன்" என்ற சொல் அவர் காதில் நேராக விழுந்தது. அவர் மகளின் கையிலிருந்த கயிற்றை வாங்கிக் கீழே போட்டார். அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் மீதிப் பிள்ளைகளை வைத்து அளவுகளைக் கரும்பலகையில் எழுதினேன். பாதியில் விட்டால் பாடம் நாறிவிடும் என்ற வீம்பு. நாங்கள் எதிர்பார்த்ததுபோலவே ஒவ்வொரு பாகமும் ஒரு சரிவகம். இணையான இரண்டு வரப்புகளின் நீளத்தைக் கூட்டு, பாதியாக்கு, ரோட்டோர அகலத்தால் பெருக்கு. விடை வந்தது. தம்பி பாகத்தைவிடப் பெரியவர் பாகம் ஏழு சென்ட்டும் கொஞ்சமும் கூடுதல்.

ஏழு சென்ட் என்றால் என்ன என்பது இந்தப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சின்னவர் மகள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் அந்த மனிதர் கல்லை நகர்த்தத்தான் செய்திருக்கிறார். வாய் பேசாமல் போனது அதனால்தானா? அவர்மேல் வந்த ஆத்திரத்தில் சுண்ணக்கட்டியை ஒடித்துவிட்டேன்.

தலைமையாசிரியர் வாசலில் நின்று பலகையைப் பார்த்தார்.

"அழிங்க மேடம்."

"அழிச்சா விடை மாறிடுமா சார்?"

அவரே உள்ளே வந்து அழித்தார். ஆனால் முப்பது பிள்ளைகள் தலைக்குள் ஏறியதை எந்த அழிப்பானால் அழிக்க முடியும்? அன்று மாலையே அது ஊருக்குள் போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

வீடு திரும்பும்போது, திருச்செங்கோடு போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மறுபடி மறுபடி அதே அளவுகளை மனத்தில் ஓட்டினேன். கல்லை நகர்த்தியிருந்தால் ரோட்டோரத்தில் ஒருவர் பங்கு நீண்டிருக்க வேண்டும், இன்னொருவர் பங்கு குறைந்திருக்க வேண்டும். பிள்ளைகள் அளந்ததில் ரோட்டோரம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. ஓடைக் கரையிலும் சமம். முடிச்சுக்கு முடிச்சு சமம். கல் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அப்படியானால் ஏழு சென்ட் எங்கிருந்து வந்தது?

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியதும் ஒரு தாளை எடுத்துக் காடுபோலவே வெட்டினேன். முன்பக்கம் நேராக ரோடு, பின்பக்கம் கொஞ்சம் சாய்வாக ஓடை. முன்பக்கத்தில் பாதி, பின்பக்கத்தில் பாதி, நடுவில் வெட்டு. இரண்டு துண்டையும் கையில் வைத்துப் பார்த்தபோது என்னையே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. கயிறு நீளத்தைத்தான் பாதியாக்கும். ஓடை ஒரு பக்கம் விலகிப் போவதையும் மறுபக்கம் நெருங்கி வருவதையும் கயிறு அறியாது. ஓடை ரோட்டுக்கு இணையாக ஓடியிருந்தால் பங்கு சரியாகியிருக்கும். இரண்டு ஏக்கர் காட்டில், ஆள் உயரக் கிழங்குச் செடிக்கு நடுவே, அந்தச் சாய்வு ஏழு சென்ட்டைத் தின்னும் என்று யாருக்குத் தோன்றும்? பெரியவர் திருடவில்லை. சின்னவர் மனைவி பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். அந்த நல்ல மனிதரை நானும் மத்தியானம் முழுக்கத் திருடன் என்று நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே பெரியவர் மகளோடு வந்துவிட்டார். அவள் சீருடையில் இல்லை, கலர்ப் பாவாடை கட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் அவர்கள் பின்னாலேயே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

"என்ற புள்ளையோட டீசியக் குடுத்துருங்க சார்" என்றார் தலைமையாசிரியரிடம்.

"எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறீங்க?" என்று நான் கேட்டேன்.

"ஊட்டுல இருக்கட்டுங்க. வருசம் திரும்புனதும் பாத்துக்கலாம்."

இந்தச் சொல்லை நான் நன்றாக அறிவேன். 'வருசம் திரும்பட்டும்' என்று வீட்டுக்குப் போன எந்தப் பெண்ணும் என் வகுப்புக்குத் திரும்பியதில்லை. சில பேரைப் பிறகு சந்தையில் பார்த்திருக்கிறேன், இடுப்பில் குழந்தையோடு. தலைமையாசிரியரோ அலமாரியைத் திறந்து படிவத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார். சனியன் விட்டது என்ற நிம்மதி அவர் முதுகிலேயே தெரிந்தது.

"ஒரு நிமிசம் சார்" என்று நான் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவர் மனைவியும் மகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். கையில் ஃபோன் தயாராக இருந்தது. பெரியவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஏழு சென்ட்டு கூட வருதாமுங்க டீச்சர். என்ற புள்ள சொன்னா. எங்க ஊட்டுக்காரருக்கு அனுப்போணும், அதயே இன்னொருக்காச் சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன்."

ஃபோனை எங்கள் முகத்துக்கு நேராகத் தூக்கினார். பெரியவர் முதல் முறையாக நிமிர்ந்தார். என்னிடம் கேட்கவில்லை, தம்பி மனைவியிடமும் கேட்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"நீதான அளந்த. நீயே சொல்லு. எது பெருசு?"

இரண்டும் ஒன்றுதான் என்று அவள் ஒரு சொல் சொல்லிவிட்டால் அப்பாவின் மானம் மிஞ்சும். சின்னப் பிள்ளை, சொன்னாலும் யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. பொய் சொல்லிவிடு கண்ணு என்று என் மனசுக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. கணக்கு டீச்சர் நான், அப்படி நினைத்தேன்.

"நம்முளுதுதாங்கப்பா பெருசு" என்றாள். "ரண்டு பக்கத்து அளவையும் வெச்சு ஊட்டுல போட்டுப் பாத்தேனுங்க. அவங்களுது கம்மிதான்."

பெரியவர் வாசல் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். சின்னவர் மனைவி "கேட்டீங்களா" என்று ஃபோனைப் பார்த்துச் சொன்னார், அந்தக் கோடியில் புருஷன் கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

"எல்லாரும் என் வகுப்புக்கு வாங்க" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. "டீசி அப்புறம். உள்ள வாங்க."

பெரியவரை முன்பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, நின்றார். மேசைமேல் பெரிய சார்ட் தாளை விரித்து, காட்டின் உருவத்தை வரைந்து, வெட்டி, இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டேன். என்ன வரப்போகிறது என்று அவர்களுக்கும் தெரியாது.

"உங்க அப்பா ரோட்டோரம் கயிறு மடிச்ச மாதிரி மடிங்க" என்றேன்.

ஒருத்தி ஒரு முனையையும் மற்றவள் மறுமுனையையும் பிடித்தார்கள். ரோட்டு விளிம்பின் இரண்டு மூலையையும் சேர்த்துப் பிடித்து, நடுவில் நகத்தால் ஒரு கீறல். பிறகு ஓடை விளிம்பு, அங்கேயும் ஒரு கீறல். அடிக்கோலை வைத்து இரண்டு கீறலுக்கும் கோடு போட்டார்கள்.

"மாமனாரு இருந்தாலும் இப்படித்தான் பிரிச்சிருப்பாரு" என்று சின்னவர் மனைவி முணுமுணுத்தார்.

"பங்கு சரியா இருக்கா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"நான் இப்படித்தாங்க மடிச்சேன். ஊரே பாத்துது. எந்தப் பாதி வேணும்னு அவந்தான் எடுத்தான்."

"வெட்டு" என்று கத்தரிக்கோலைப் பெரியவர் மகளிடம் கொடுத்தேன். வெட்டிய ஒரு துண்டைக் குப்புறத் திருப்பி மற்றதன்மேல், நடு வரப்பு நடு வரப்போடு பொருந்தும்படி வைக்கச் சொன்னேன். வைத்தாள். ரோட்டு விளிம்பு சரியாகப் பொருந்தியது, வரப்பு சரியாகப் பொருந்தியது. ஓடைப் பக்கத்தில் மட்டும் அடியிலிருந்த பெரியவர் பாகத்துத் துண்டு ஒரு நீண்ட முக்கோணமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சின்னவர் மகள் அந்த முக்கோணத்தின்மேல் விரலை வைத்தாள். "இதாங்க அந்த ஏழு சென்ட்டு" என்றாள். கணக்கில் சுமார் என்று நான் சொன்ன பிள்ளை.

பெரியவர் மகள் சித்தியைப் பார்த்துத் திரும்பினாள். "அப்பா கயிறு சரியாத்தாங்க சின்னம்மா மடிச்சிருக்காரு. கல்லும் அங்கயேதான் இருக்குது. ஓடதான் சாஞ்சு போயிருக்குது."

சின்னவர் மனைவியின் ஃபோன் மெல்லக் கீழே இறங்கியது. "அப்ப நான் இத்தன நாளா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "ஆனா அந்த ஏழு சென்ட்டு எங்களுக்குக் கொறவுதானுங்களே" என்றார். அது நியாயம்தான். அந்தம்மாவை எனக்கு அப்போது பிடித்துப்போனது.

பெரியவர் மேசைக்கு அருகில் வந்தார். மேல் துண்டை எடுத்தார், திருப்பினார், மறுபடி வைத்தார். மூன்றாவது முறையும் வைத்துப் பார்த்தார். அந்த முக்கோணம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கியிருந்ததை எல்லோரும் பார்த்தோம், பார்க்காததுபோல இருந்தோம்.

"அப்படின்னா சரிபாதி ஆவோணும்னா கல்லு எங்க நிக்கோணும்?" என்று மகளைக் கேட்டார்.

அவள் இரண்டு துண்டையும் பார்த்தாள். ஓடை விளிம்பில் விரலை ஓட்டினாள், ஓர் இடத்தில் நிறுத்தினாள், எடுத்தாள்.

"தெரியிலீங்கப்பா. அது இன்னும் நடத்துல."

அவர் என் பக்கம் திரும்பினார். "அது எந்த வகுப்புல வருதுங்க டீச்சர்?"

எனக்கு விடை தெரியும். ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியும் ஐந்து நிமிடமும் இருந்தால் கல் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று காட்டிவிடுவேன். தலைமையாசிரியர், "ஏன் மேடம், நீங்களே..." என்று வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் அவர் மீதியை விழுங்கிவிட்டார். எதையும் பட்டென்று சொல்லிச் சொல்லியே ஊரைப் பகைத்துக்கொண்டவள் நான். வாழ்க்கையில் அன்றைக்கு ஒரு நாள்தான் தெரிந்த விடையைச் சொல்லாமல் நின்றேன்.

"ஒன்பதாவது, பத்தாவதுல வருங்க" என்றேன்.

அவர் அந்த இரண்டு தாள் துண்டுகளையும் ஒன்றாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகளை ஒரு முறை பார்த்தார், அவள் கட்டியிருந்த கலர்ப் பாவாடையையும் பார்த்தார்.

"போயி உக்காரு சாமி" என்றார்.